சீர்வரிசையில் ஒரு குழந்தை சீட்

குழந்தை முன்னாடி போயிடுச்சு, அண்ணா. சீட் மட்டும்தான் என்கூட வருது.

கண்ணாடியில ரெண்டு மூணு தடவை பாத்தீங்க. கேக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறீங்கன்னு தெரிஞ்சுது. கேக்கறது நியாயம்தான். ஒருத்தன் தனியா ரோட்டோரம் நிக்கறான், கையில குழந்தை உக்கார்ற சீட், தோள்ல பை. வண்டியில ஏறினதும் முதல் வேலையா அந்த சீட்டைப் பெல்ட் போட்டுக் கட்டறான். உள்ள குழந்தையே இல்லை. அப்படி ஒருத்தனைப் பாத்தா எனக்கும்தான் பயமா இருக்கும்.

பயப்படாதீங்க. என் பேரு மாதேஷ். பி.இ. மெக்கானிக்கல் படிச்சிருக்கேன். ஓசூர்ல கார் சீட் செய்யற கம்பெனியில வேலை, சோதனைப் பிரிவு. மேச்சேரி தாண்டி அந்த முனியப்பன் கோயிலுக்குப் பத்தரைக்குள்ள போயிடலாம் இல்லையா? பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம். எங்க அக்கா பொண்ணுக்கு இன்னைக்குக் காது குத்து. நான் தாய்மாமன். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும், உங்களுக்குத் தெரியாததா. நான் போய்ச் சேரலைன்னா வேற யார் மடியிலயாவது... இல்லை, அப்படிச் செய்ய மாட்டாங்க. அக்கா விட மாட்டா. காத்திருப்பாங்க.

வேகமாப் போங்கன்னு சொல்லலை, அண்ணா. தொப்பூர் கணவாய் இருக்கு. மெதுவாவே போங்க. மெதுவாப் போங்க, ஆனா பத்தரைக்குள்ள.

அப்புறம் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. பெல்ட் போட்டிருக்கீங்க, சந்தோஷம். ஆனா கீழ்ப்பட்டை உங்க வயித்து மேல கிடக்குது. அது இடுப்பெலும்பு மேல இருக்கணும். வயித்து மேல இருந்தா, மோதற நேரத்துல அந்தப் பட்டையே உள்ள இருக்கறதை எல்லாம் நசுக்கிடும். கொஞ்சம் கீழ இழுத்து விட்டுக்கங்க. ஆங், அவ்வளவுதான். ரொம்ப நன்றி.

இதைத்தான் நான் எங்க மாமா வீட்டுலயும் சொன்னேன். இதே குரல்லதான் சொன்னேன். நான் தப்பா என்ன சொன்னேன், நீங்களே சொல்லுங்க.

எங்க அக்கா பேரு வெண்ணிலா. காவேரிப்பட்டணத்துல கட்டிக் குடுத்திருக்கோம். மாமா பேரு திருக்குமரன், பெயிண்ட் கடை வெச்சிருக்கார். நல்லவர். குறை சொல்ல முடியாது. சமீபத்துலதான் கார் வாங்கினார். எங்க வீட்டுலயும் சரி, அவங்க வீட்டுலயும் சரி, அதுதான் முதல் கார். அதனால என்ன பண்ணினார் தெரியுங்களா? சீட் மேல இருந்த பிளாஸ்டிக்கை எடுக்கலை. பிளாஸ்டிக் மேலயே தடிமனா ஒரு சீட் கவரைப் போட்டுத் தைச்சுட்டார். பின்சீட்டுல பெல்ட் மாட்டற கொக்கி மூணும் கவருக்கு அடியில போயிடுச்சு. எங்கன்னு கேட்டா, "பின்னாடி எதுக்கு மச்சான் பெல்ட்? பின்னாடி போலீஸ்காரன் பாக்க மாட்டான்"னு சொல்றார்.

முன்சீட்டுலயும் அவர் பெல்ட் போட மாட்டார். போடலைன்னா வண்டி கீ கீன்னு கத்தும் இல்லையா, அதுக்கு பெல்ட்டோட நாக்கை மட்டும் தனியா விக்கறாங்க. அதை வாங்கிச் சொருகி வெச்சிருக்கார். அதுல முருகர் படம் வேற. வண்டி ஏமாந்து போய் சும்மா இருக்கும். வண்டியை ஏமாத்தலாம் மாமா, மோதறதை ஏமாத்த முடியாதுன்னு சொன்னேன். சிரிச்சார். "மச்சான், இது கார். ராக்கெட் இல்லை"ன்னார்.

அவங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கறது? நான் தினமும் பாக்கறேன், அண்ணா. எங்க கம்பெனியில பொம்மையை உக்கார வெச்சு மோத விட்டுப் பாப்போம். குழந்தை பொம்மையும் உண்டு. ஒன்பது கிலோ. ரக்ஷிதாவும், அதான் அக்கா பொண்ணு, இப்போ ஒன்பது கிலோதான். ஒருதரம் பெரிய பொம்மையோட கையில அந்தச் சின்ன பொம்மையை வெச்சு விட்டுக் காட்டினாங்க. கையை இறுக்கி முடுக்கித்தான் வெச்சிருந்தாங்க. ஒரு கண்ணிமைப்புதான். சின்ன பொம்மை கையில இல்லை. அந்த நேரத்துல ஒன்பது கிலோ குழந்தை நூறு கிலோ மூட்டை ஆயிடும். எந்த அம்மாவால பிடிக்க முடியும்? எவ்வளவு பாசம் இருந்தாலும் முடியாது. அன்னைக்குச் சாயங்காலம் நான் சாப்பிடலை. பொம்மைதானேன்னு கூட வேலை செய்யறவங்க கிண்டல் பண்ணினாங்க.

இருந்தாலும் நானா போய் இதுல தலையிடலை, அண்ணா. இது முக்கியம். அக்காதான் கேட்டா.

ஒரு மாசம் இருக்கும். ராத்திரி கடை மூடற நேரத்துல போன் பண்ணினா. குரலே சரியில்லை. மாமாவும் அவளும் குழந்தையோட யாரோ வீட்டுக்குப் போயிருக்காங்க. அக்கா முன்சீட்டுல, குழந்தை மடியில. ஒரு நாய் குறுக்க வந்துச்சாம். மாமா பிரேக் போட்டிருக்கார். பெரிய வேகமெல்லாம் இல்லை. குழந்தை மடியில இருந்து வழுக்கி முன்னாடி டேஷ்போர்டுல மோதி, மேல் உதடு கிழிஞ்சு வீங்கிப் போச்சு. வீட்டுல என்ன சொன்னாங்க தெரியுங்களா? கட்டில்ல இருந்து விழுந்துட்டான்னு சொல்லிட்டாங்க. கார்ல நடந்ததுன்னு தெரிஞ்சா அத்தை, அதான் அக்காவோட மாமியார், வண்டி ராசியில்லைன்னு வித்துடச் சொல்லுவாங்களாம். மாமா கும்பிட்டுக் கேட்டாராம். அதனால அக்கா பழியைத் தான் ஏத்துக்கிட்டா. "பெத்த புள்ளையைப் பாத்துக்கத் துப்பில்லை"ன்னு அத்தை வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் சொன்னாங்களாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே தம்பி. நீ படிச்சவன். நீ ஏதாவது வழி பண்ணு. வண்டியில ஏறவே எனக்குப் பயமா இருக்கு"ன்னு அழுதா.

நீ படிச்சவன்னு சொன்னா, அண்ணா. அதைக் கேட்டுட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? எங்க குடும்பத்துல முதல்முதல்ல காலேஜுக்குப் போனவன் நான். அக்கா பிளஸ் டூல என்னைவிட நல்ல மார்க். அப்பா இறந்த வருஷம் அது, வீட்டுல ஒருத்தரைத்தான் படிக்க வைக்க முடியும்னு ஆயிடுச்சு. அது வேற விஷயம். அதை விடுங்க.

வழி பண்ணினேன். தாய்மாமன் சீராவே இந்த சீட்டை வாங்கிட்டேன். "சீர்ல போய் இதையாடா வெப்பாங்க? கம்மலும் பாவாடையும் போதாதா?"ன்னு அம்மா கேட்டாங்க. கம்மலும் வாங்கினேன், பாவாடையும் வாங்கினேன். ஆனா இதுதான் என் சீர். அம்மாவும் எங்க ஆளுங்களும் நேரா கோயிலுக்கு வந்துடறதா ஏற்பாடு. நேத்து சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், பழம், பூ, மஞ்சள் எல்லாம் வெச்சு, நடுவுல ஒரு பெரிய தாம்பாளத்துல இந்த சீட்டை வெச்சேன்.

பெரிய மாமா, அக்காவோட மாமனார், சுத்திச் சுத்தி வந்து பாத்தார். "ஏந்தம்பி, குழந்தை ஆய் போறதுக்கா இது?"ன்னு கேட்டார். கூடத்துல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. மாமாவும் சிரிச்சார். அக்கா கூட, வாயை மூடிக்கிட்டுத்தான், ஆனா சிரிச்சா. பரவாயில்லை. நான் விளக்கிச் சொன்னேன். குழந்தை எப்படிச் சாயணும், தோள்பட்டை வார் எங்க வரணும், ஏன் பின்பக்கம் பாத்துத்தான் உக்காரணும், எல்லாம். கொஞ்ச நேரத்துல கூடத்துல யாரும் இல்லை. அக்கா மட்டும் நின்னா. அவளுக்குக் கொக்கியை மாட்டவும் கழட்டவும் சொல்லிக் குடுத்தேன். மாட்டும்போது கிளிக்னு கேக்கணும், கழட்ட இந்தச் சிவப்பு பட்டனை நல்லா அழுத்தணும். ஒரே தடவையில கத்துக்கிட்டா. எங்க அக்கா கெட்டிக்காரி.

அப்போதான் ஒரு சிக்கலைச் சொன்னேன். கார்ல அஞ்சு பேருக்குத்தான் இடம். மாமா, பெரிய மாமா, அத்தை, அக்கா, குழந்தை. அஞ்சு ஆயிடுச்சு. என்னோட ஆறு. யாராவது ஒருத்தர் வேற வண்டியில வரணும். "அத்தை வேன்ல டிரைவர் பக்கத்துல வரட்டும், நீ பக்குவமாச் சொல்லிடு"ன்னேன். பங்காளிங்க வர்றதுக்கு ஒரு குட்டியானை வேன் பேசியிருந்தாங்க. அக்கா கொக்கியை இன்னொரு தடவை மாட்டிக் கழட்டினா. அப்புறம், "சொல்றேன், காலையில நான் பாத்துக்கறேன்"ன்னா. நல்லா ஞாபகம் இருக்கு. பாத்துக்கறேன்னு சொன்னா.

காலையில எல்லாரும் குளிச்சுக்கிட்டு இருக்கும்போதே நான் போய் சீட்டை மாட்டிட்டேன். கொக்கி கவருக்கு அடியில இருக்கே, அதனால தையலைக் கொஞ்சம் பிரிக்க வேண்டி இருந்துச்சு. பிளேடால. கொஞ்சம்தான். இல்லை, சரியாச் சொல்லணும், ஒரு முழம் இருக்கும். பிளாஸ்டிக்கையும் கிழிச்சேன். அது எப்படியும் கிழிக்க வேண்டியதுதானே? மாமா வந்து பாத்தார். கவரைத் தடவிப் பாத்தார், அவ்வளவுதான். கோபம் இல்லை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டியாச்சு. கதவைத் திறந்ததும் முதல் ஆளா யார் ஏறி உக்காந்தாங்க? அத்தை. பட்டுப்புடவை, மடியில பூக்கூடை. நான் அக்காவைப் பாத்தேன். அவ குழந்தையோட சட்டைப் பித்தானைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தா. சொல்லலை, அண்ணா. சொல்லவே இல்லை.

சரின்னு நானே சொன்னேன். அத்தை, அஞ்சு பேருக்குத்தான் இடம் இருக்குன்னு.

"ஏன், போன மாசம் ஏழு பேரு போனோமே?"

"அது தப்பு அத்தை."

பெரிய மாமா நல்ல மனசுல சொன்னார், அதை நான் மறைக்கலை. "இதுக்கா சண்டை? அந்த நாற்காலியைக் கழட்டி டிக்கியில போடுங்க. என் பேத்தி அவ தாய்மாமன் மடியில உக்காந்து ராணி மாதிரி கோயிலுக்கு வரட்டும்."

நான் சொன்னேன். "மன்னிச்சுக்கங்க மாமா. குழந்தையை நான் மடியில வெச்சுக்க மாட்டேன்."

இவ்வளவுதான் சொன்னேன். ஏன் வெச்சுக்க மாட்டேன்னு காரணமும் சொல்ல வந்தேன், அந்த நூறு கிலோ கணக்கை. யாருமே கேக்கலை. சூடம் காட்டின தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரு அம்மா, "என்னா வார்த்தை சொல்றான் பாரு, இன்னைக்குப் போய்"ன்னாங்க. அக்கா முகம் வெளுத்துப் போச்சு.  எனக்குப் புரியலை. நிஜமாவே புரியலை. சோதனை பண்ணி நிரூபிச்ச ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

பெரிய மாமா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "நான் வேன்ல வரேன்"னு போயிட்டார். அவரா போனார், அண்ணா. நான் சொல்லலை. குட்டியானை பின்னாடி, பொங்கல் பானைக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டார். அது சரக்கு ஏத்தற வண்டி, அதுல ஆளுங்க போறது ரொம்ப ஆபத்து. அதையும் சொல்லணும்னுதான் இருந்தேன், நேரம் சரியில்லைன்னு விட்டுட்டேன். எனக்கும் இங்கிதம் தெரியும்.

கிளம்பினோம். அத்தை முன்னாடி, நானும் அக்காவும் பின்னாடி, குழந்தை சீட்டுல. அழகா உக்காந்திருந்தா. வார் எல்லாம் சரியா, நெஞ்சுக்கு நேரா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? அந்த ஒரு பத்து நிமிஷம், நான் படிச்ச படிப்புக்கு இதுதான் அர்த்தம்னு தோணுச்சு.

அப்புறம் அழ ஆரம்பிச்சா. எல்லாக் குழந்தையும் முதல்ல அழும். பழகணும். அத்தை திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. "பச்சைக் குழந்தையைக் கட்டிப் போட்டா அழாம என்ன பண்ணும்?" நான் சொன்னேன், அது கட்டறது இல்லை அத்தை, காப்பு. "அதென்ன, எல்லாரும் முன்னாடி பாத்துப் போறோம், அது மட்டும் பின்னாடி பாத்துக்கிட்டு? கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா ஒரு புள்ளை போகும்?" அதுக்கும் சொன்னேன், முன்னாடி மோதினா முதுகும் கழுத்தும் மொத்தமா சாஞ்சு தாங்கிக்கும்னு. "மோதினா, மோதினான்னு கோயிலுக்குப் போற வழியில எத்தனை தடவைடா சொல்லுவ?"ன்னு கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "நீ குழந்தையா இருக்கும்போது உன்னை எந்த நாற்காலியில உக்கார வெச்சு ஊர்கோலம் கூட்டிட்டுப் போனாங்க?"

"எங்ககிட்ட கார் இல்லை அத்தை"ன்னேன். உண்மை அதுதானே. மாமா கண்ணாடியில என்னைப் பாத்தார், பாத்துட்டு ரேடியோவைப் போட்டார்.

தருமபுரி வர்றதுக்குள்ள குழந்தை அழுது அழுது நீலம் பாரிச்சுப் போச்சு. அக்கா பொறுக்க முடியாம வாரைக் கழட்டப் போனா. ஓடற வண்டியில கழட்டாதே, நிறுத்திட்டுக் கழட்டுன்னு கத்திட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான். மாமா ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தினார். நீங்க என்னை ஏத்தினீங்களே, அதே கடைதான்.

அக்கா பால் குடுத்தா. குழந்தை சமாதானம் ஆயிட்டா. கிளம்பலாம்னு நான் சீட் வாரை விரிச்சுப் பிடிச்சேன். "இனிமே அதுல வேண்டாம்"னு அத்தை சொன்னாங்க. நான் அக்காவைப் பாத்தேன். அவ குழந்தையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னா. இதுக்கப்புறம் தொப்பூர் இறக்கம் வருது, அண்ணா. உங்களுக்கே தெரியும், வாரத்துக்கு ஒரு வண்டியாவது அங்க கவிழுது. அந்த இறக்கத்துல என் அக்கா பொண்ணு மடியில போறாளா? 

அதான் கேட்டேன். "அக்கா, நீயே சொல்லு. அவ உதடு எப்படிக் கிழிஞ்சுதுன்னு நீயே அத்தைகிட்ட சொல்லு."

நான் ரகசியத்தைச் சொல்லலை. சத்தியமாச் சொல்லலை. அவளைச் சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா?

அத்தை கேட்டாங்க, "எப்படிக் கிழிஞ்சுது? என்னடி சொல்றான் இவன்?" மாமா கையில டீ கிளாஸ். குடிக்கலை, கீழயும் வைக்கலை.

அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தக் கண்ணுல இருந்தது என்னன்னு இன்னும் எனக்குப் பிடிபடலை. அப்புறம் சொல்றா, "கட்டில்ல இருந்து விழுந்தா. அதான் ஊருக்கே தெரியுமே."

"அக்கா..."

"நான்தான் பாத்துக்காம விட்டேன். என்ன இப்போ?"

 என்கிட்ட அழுதவ இவதானா? நீ படிச்சவன், நீ வழி பண்ணுன்னு சொன்னவ இவதானா? அவளுக்காகத்தானே இத்தனை பேரோட பேச்சும் ஏச்சும் வாங்கினேன்? அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒரே ஒரு வார்த்தை. அதை விட்டுட்டு, குழந்தையை அத்தை கையில குடுத்துட்டுக் கார்ல குனிஞ்சா. சீட்டை அவளே கழட்டினா. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, சிவப்பு பட்டனை நல்லா அழுத்தி, பெல்ட்டை முறுக்காம உருவி, சுத்தமாக் கழட்டினா. கொண்டு வந்து என் கால்கிட்ட வெச்சா.

"தம்பி, நீ இதை எடுத்துக்கிட்டு பஸ்ல வா"ன்னா.

தம்பின்னுதான் சொன்னா. கோபமாக்கூட சொல்லலை.

பின்னாடியே குட்டியானை வந்துச்சு. பெரிய மாமா இறங்கி வந்து, நான் உக்காந்திருந்த இடத்துல உக்காந்தார். "வேன்ல ஏறிக்கோ தம்பி, பானைக்குப் பக்கத்துல இடம் இருக்கு"ன்னு ஒருத்தர் கூப்பிட்டார். நான் எப்படி ஏறுவேன்? சரக்கு வண்டியில, பெல்ட் இல்லாம? அவங்களும் போயிட்டாங்க. அப்புறம்தான் டீக்கடைக்காரர் உங்க நம்பரைக் குடுத்தார்.

சொல்லுங்க அண்ணா, நீங்க பெரியவர். நான் தப்பா என்ன... 

லாரி! அண்ணா, லாரி, லாரி!

...அப்பாடா. பரவாயில்லை, பரவாயில்லை. உங்க தப்பில்லை, அவன்தான் சிக்னல் போடாம திரும்பினான். தலையை மட்டும் நல்லாப் பின்னாடி சாய்ச்சு வெச்சுக்கங்க. இறக்கம் இன்னும் முடியலை.

பாத்தீங்களா? சீட் அசைஞ்சுதா? அசையவே இல்லை. ஒரு இம்மி கூட அசையலை. நான் மாட்டினது அப்படி. இதை அக்கா பாத்திருக்கணும். இதை மட்டும் அவ பாத்திருந்தா...

என் கையைப் பாக்கறீங்களா? அது தானா சீட்டைப் பிடிக்கப் போயிடுச்சு. கையால பிடிக்க முடியாதுன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்றேன். ஆனா போயிடுச்சு. உள்ள குழந்தையே இல்லை, இருந்தாலும் போயிடுச்சு.

இருங்க, போன் அடிக்குது. அக்காதான். சொன்னேன் இல்லையா, காத்திருப்பாங்கன்னு. ஒரு நிமிஷம்.

"அக்கா, வந்துட்டேன் அக்கா. கணவாய் இறங்கிக்கிட்டு இருக்கோம். பஸ் இல்லை, கார் பிடிச்சு வரேன். மேச்சேரி வந்துட்டா அஞ்சு நிமிஷம். மணி இன்னும் பத்து கூட ஆகலையே. கொஞ்சம் இருக்கச் சொல்லு... என்ன? ... யார் மடியில? ... குபேந்திரனா? ... அவன் எப்படி அக்கா, அவன் சித்தப்பா பையன், நான் இருக்கேனே, நான் உயிரோட இருக்கேனே... யார் சொன்னது? நான் எப்போ சொன்னேன்? ... அது கார்ல அக்கா! கார்ல வெச்சுக்க மாட்டேன்னு சொன்னேன்! ... அம்மா எதுவும் சொல்லலையா? ... அம்மாவேவா கூப்பிட்டாங்க? ...

"ரொம்ப அழுதாளா?

"ம். ... ம். ... கம்மல் என்கிட்ட இருக்கு. ... சரி. ... ஏன் அக்கா? அது சீட்தானே, அது உன்னை என்ன பண்ணுச்சு? ... சரி. சரி, வெச்சுடு."

இல்லை அண்ணா, திருப்ப வேண்டாம். நேராப் போங்க.

முடிஞ்சுதாம். நேரமாகுதுன்னு எங்க சித்தப்பா பையன் மடியில உக்கார வெச்சுக் குத்திட்டாங்க. தாய்மாமனே மடியில வெச்சுக்க மாட்டேன்னு வாயால சொல்லிட்டானே, அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்னு பெரிய மாமா கேட்டாராம். குபேந்திரன், அண்ணா. ஹெல்மெட்டை ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு பைக் ஓட்டறவன். எங்க அம்மாதான் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாங்களாம். அக்கா அதைச் சொல்லும்போது அவ குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கூட்டத்துல நின்னு பேசறா இல்லையா, அதனால இருக்கும்.

சாப்பிட வரச் சொல்றா. இலை போட்டுட்டாங்களாம். ஆனா அந்த சீட்டைக் கொண்டு வராதேங்கறா. வழியில எங்கயாவது வெச்சுட்டு வரச் சொல்றா. "அதைப் பாத்தா எல்லாருக்கும் திரும்பவும் ஞாபகம் வரும், அத்தை என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருக்காங்க"ன்னா. நான் என்ன பண்ணினேன்? உண்மையைச் சொல்லச் சொன்னேன். என்கிட்ட மட்டும் உண்மை, அவங்ககிட்ட வேறயா?

மேச்சேரி தாண்டியாச்சு, இங்க இடது பக்கம் திரும்பணும். அந்தப் புளியமரம் தெரியுது பாருங்க, அங்கதான். கூட்டம் நிக்குது. அதோ, வெள்ளைக் கார். அதுதான் மாமா கார். கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. இங்கயே. போதும்.

இல்லை, நான் இறங்கலை.

நீங்க ஒரு உதவி பண்ணணும். இந்தப் பையில கம்மல் இருக்கு, பாவாடை சட்டை இருக்கு. வெண்ணிலான்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. அரக்கு கலர் புடவை. அவ கையிலயே குடுங்க. அத்தை கேட்டா டிரைவர்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் சொல்லாதீங்க. அக்காவைத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை. திரும்பிப் போகும்போது குழந்தையை இந்த சீட்டுல வெச்சு இந்த வண்டியிலயே அனுப்பச் சொல்லுங்க. அவ வேணும்னா கூட உக்காந்துக்கட்டும், இடம் இருக்கு. நான் முன்னாடி உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். வழி முழுக்க வாயே திறக்க மாட்டேன்னு சொல்லுங்க.

வந்தா வரட்டும். வரலைன்னா, நீங்க சாப்பிட்டுட்டு வாங்க. இலை போட்டிருக்காங்க இல்லையா, உங்களைச் சாப்பிடாம அனுப்ப மாட்டாங்க, அந்த விஷயத்துல அவங்க வீட்டுல ரொம்ப நல்லவங்க. நான் இப்படியே உக்காந்திருக்கேன்.

பெல்ட்டா? இருக்கட்டும் அண்ணா. நிக்கற வண்டிதான், தெரியும். பின்னாடி இருந்து ஏதாவது வண்டி வந்து இடிக்கலாம். சொல்ல முடியாது.

ஏசி வேண்டாம். கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுப் போங்க. காது இன்னும் வலிக்கும். அழுறாளான்னு கேக்கணும்.